ஒன்பது வயதில் செத்துப்போன என் கணவர்

என் கணவர் ஹில்டிங் ஒன்பது வயதிலேயே ஏரியில் மூழ்கி இறந்துபோன செய்தி எனக்குத் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்தது. அப்போது அவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து வளர்ந்து, அவர்கள் யோத்தபோரி நகரத்துக்குக் குடிபோயும் ஆகியிருந்தது.

அது ஞாயிற்றுக்கிழமைக் கலை நிகழ்ச்சி. எங்கள் வீட்டில் யாரும் சீண்டாத நிகழ்ச்சி. ஹில்டிங்கின் அண்ணன் சிக்ஸ்டன் வருகிறான் என்பதால் போட்டிருந்தோம். சிக்ஸ்டன் கண்ணாடிக் கலைஞன். கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன எங்கள் ஸ்மோலாந்தில் தடுக்கி விழுந்தால் ஒரு கண்ணாடிக் கலைஞன் மேல்தான் விழ வேண்டும்; இருந்தாலும் லிண்ட்மோலா கிராமத்துக்கு அவன் ஒருவன்தான். ஸ்டாக்ஹோம் கலைக் கல்லூரியில் படித்துவிட்டுக் கறுப்புக் கோட்டும், ஜூன் மாதத்திலும் கழற்றாத ஒரு கழுத்துத் துணியுமாகத் திரும்பி வந்தான். மூடிக் கிடந்த பழைய பால் பண்ணைக் கட்டிடத்தில் உலை வைத்தான். பள்ளியில் அவனும் நானும் ஒரே பெஞ்சு. அதனால் மற்றவர்களுக்கு வருகிற பக்தி எனக்கு அவன் மேல் வந்ததே இல்லை.

முதலில் கிண்ணங்கள் செய்தான். எங்கிருந்து இந்த உந்துதல் என்று கேட்டவர்களிடம், "பிர்ச் மரத்தோட மௌனம்" என்றான். பிறகு ஆந்தைகள். பிறகு அவன் மனைவி மார்கிட் கால்மாரிலிருந்து வந்த ஒரு பல் வைத்தியரோடு போய்விட்டாள். அதிலிருந்து எல்லாமே நீலமாக வந்தது. வலியின் நிறம் நீலம் என்று உள்ளூர்ப் பத்திரிகைக்குச் சொன்னான். நான் முடி வெட்டும் கடை வைத்திருக்கிறேன், அதனால் இரண்டு பக்கத்துக் கதையும் எனக்கு வந்துவிடும். மார்கிட் என் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னாள்: "வலியாவது மண்ணாவது! அந்த நீலப் பொடி மட்டும் மூட்டைக் கணக்குல மலிவா கிடைச்சுது. அதான் எல்லாம் நீலம்."

இப்படிப்பட்டவன்தான் அன்று தொலைக்காட்சியில் உட்கார்ந்திருந்தான். எதிரே பெர்னில்லா என்ற பெண். அழகாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு கேள்வி கேட்பதில் நாடு முழுக்கப் பேர் வாங்கியவள். மேசைமேல் அவன் புதிதாகச் செய்த ஒரு கண்ணாடிப் பாளம். அதற்குள் மங்கலாக ஒரு முகம்.

"இந்த முகம் உங்களுக்கு எங்கேருந்து வந்தது, சிக்ஸ்டன்?"

அவன் ஜன்னலையே பார்த்தான். நிகழ்ச்சி முடிந்துவிடுமோ என்று எனக்குக் கவலை வருகிற அளவுக்குப் பார்த்தான்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான்" என்றான்.

பக்கத்தில் கத்தி நின்றது.

"கறுப்பு ஏரின்னு எங்க ஊர்ல ஒரு ஏரி. பிப்ரவரி மாசம். அவனுக்கு ஒன்பது வயசு. பனி உடைஞ்சு உள்ள போயிட்டான். பனிக்கு அடியில அவன் முகத்தை நான் பார்த்தேன். அவ்வளவுதான். அதுக்குமேல என்னைக் கேக்காதீங்க."

பெர்னில்லா கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் ஹில்டிங் பக்கம் திரும்பினேன். "உன் அண்ணனுக்கு எத்தனை தம்பி?"

"நான் ஒருத்தன்தான்."

"அப்ப நீதான் செத்திருக்கே."

"அப்படித்தான் தெரியுது." கொஞ்சம் யோசித்தார். "இத்தனை வருஷமா வரி கட்டினது யாருன்னுதான் புரியலை." மறுபடியும் கிழங்கை எடுத்தார்.

மறுநாள் அண்ணனைப் பார்த்துக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார். அண்ணன் கொடுத்த மூன்று காளான் வடிவக் கண்ணாடி மெழுகுவர்த்தித் தாங்கிகளோடு திரும்பி வந்தார்.

"என்ன சொன்னான்?"

"வாய் தானா திறந்துடுச்சாம். பிர்ச் மரம்னுதான் சொல்ல நினைச்சானாம். ஆனா அதைப் போன தடவையே சொல்லியாச்சாம்."

"அதுக்காக உன்னைக் கொன்னுட்டானா?"

"யோத்தபோரியில கண்காட்சி வருதாம். அது முடியற வரைக்கும் கொஞ்சம் பேசாம இருன்னான்."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன். செத்ததால எனக்கு இப்ப என்ன குறைஞ்சு போச்சு, பார்ப்ரோ? வலி எதுவும் இல்லை."

இதுதான் ஹில்டிங். அவரிடம் யாரும் எதையும் கேட்கலாம். கோடாரி கேட்டால் கோடாரி, டிராக்டர் கேட்டால் டிராக்டர். அண்ணன் உயிரைக் கேட்டான், கொடுத்துவிட்டார்.

யோத்தபோரிக் கண்காட்சி அமோகமாக நடந்தது. "பனிக்கடியில் தம்பி" என்று வரிசைக்குப் பெயர். ஈர மணலில் முகத்தைக் குடைந்து, உலையிலிருந்து பெரிய இரும்புக் கரண்டியால் அள்ளிய கண்ணாடிக் குழம்பை அதில் ஊற்றி, நாள்கணக்கில் சூட்டடுப்பில் மெல்ல மெல்ல ஆறவிட்டு எடுப்பான். முகம் பின்பக்கம் இருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் அரைச் சாண் தடிமனான தெளிந்த கண்ணாடி, அதில் குமிழிகள், அதற்கு அப்பால் வாயை அகலத் திறந்த ஒரு சிறுவன். உண்மையைச் சொன்னால், உறைந்த ஏரிக்குள் குனிந்து பார்ப்பது போலத்தான் இருந்தது. அதுவரை கிண்ணமும் ஆந்தையும் செய்துகொண்டிருந்த கைதானா என்று கேட்கும்படி இருந்தது. வேலை நன்றாக இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

விமர்சகர்கள் அந்தத் திறந்த வாயைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் அது கடவுளை அழைக்கிறது என்றார். இன்னொருவர் அம்மாவை அழைக்கிறது என்றார். மூன்றாமவர் அது யாரையும் அழைக்கவில்லை, அதுதான் அதன் துயரம் என்றார். முகத்துக்குப் பக்கத்தில் வளைந்த நுனியோடு ஒரு கோடு தெரியும். அது விதி எழுப்புகிற கேள்விக்குறி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

பிறகு ஏரியைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பக்கத்து நகரமான வெக்ஷோவில் ரயிலிலிருந்து இறங்கினால் லிண்ட்மோலாவுக்கு ஒரே பேருந்து. அதை ஓட்டுகிறவர் ஹில்டிங்.

ஒருநாள் ஒரு ஸ்டாக்ஹோம் அம்மாள் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வழிநெடுக அவரிடமே கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாளாம்.

"இருந்திருந்தா இப்ப உங்க வயசு இருக்கும்ல, அந்தப் பையனுக்கு?"

"இருக்கும், இருக்கும்."

"எப்படி வந்திருப்பானோ!"

"கொஞ்சம் தொப்பை போட்டிருக்கும்" என்றாராம் இவர். அம்மாள் இறங்கும்போது, கிராமத்து ஆட்களுக்கு மனசு மரத்துப்போய்விட்டது என்று முணுமுணுத்தாளாம்.

ஊருக்கே தெரியும். ஊரே வாயை மூடிக்கொண்டது. விடுதி நடத்துகிற குன்னெலுக்கு நவம்பரில்கூட அறைகள் நிரம்பின. வெள்ளைப் பாலேட்டின் மேல் நீல ஜெல்லி ஊற்றி "ஏரித் தம்பி" என்று ஒரு கேக் போட்டாள். ஹில்டிங் அதைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, சர்க்கரை ஜாஸ்தி என்றார். கடையில் வரிசையில் நின்றால், "என்ன ஹில்டிங், மேலோகத்துல பால் தீர்ந்து போச்சா?" என்பார்கள். எல்க் மான் வேட்டைக்குப் போனால், "இவனை முன்னாடி நிறுத்துங்கப்பா, குண்டு பட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். முதல் குளிர்காலம் முழுக்கச் சிரித்தார்.

இரண்டாவது ஆண்டு, புனிதர் திருநாளுக்குத் தன் அம்மாவின் கல்லறையில் விளக்கேற்றப் போனார், நானும் கூடப் போனேன். யாரோ வெளியூர்க்காரர்கள் அங்கே ஒரு கண்ணாடித் தேவதைப் பொம்மையை வைத்திருந்தார்கள். அதன் கழுத்தில் வெள்ளை நாடா. அதில், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு என்று எழுதியிருந்தது. பற்றவைத்த தீக்குச்சி விரலைச் சுடும் வரை ஹில்டிங் அப்படியே நின்றார்.

"அம்மா நான் பண்ணின சேட்டைக்கெல்லாம் எத்தனை அடி அடிச்சிருக்கா தெரியுமா?" என்றார் வரும் வழியில். "கடைசி நாள் வரைக்கும் என் கையைத்தான் பிடிச்சிட்டிருந்தா. பறிகொடுத்தாளாம்." அன்றிலிருந்து கடைவரிசையில் கேலி செய்தால் அவர் சிரிக்கவில்லை. பாலை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

நான் அதுவரை அந்த முகங்களைப் பால் பண்ணையில் எட்டநின்று பார்த்ததோடு சரி, கிட்டத்தில் பார்த்தது இல்லை. கண்காட்சிக்கு வரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன். ஆனால் அந்த டிசம்பரில் அதைப் பேருந்தின் பக்கவாட்டிலேயே ஆளுயரத்துக்கு ஒட்டிவிட்டார்கள். என் கணவர் தன் சாவின் படத்தைத் தானே ஊர் ஊராக ஓட்டிக்கொண்டு போனார். நிறுத்தத்தில் காத்திருந்தேன். பேருந்து வந்து நின்றது. என் மூக்குக்கு நேராக அந்த முகம்.

ஹில்டிங்கின் முகமேதான். இடது புருவத்தில் அந்த வெட்டுகூட இருந்தது. ஆனால் தலையில் குல்லாய். காதுமடல் வைத்த குல்லாய், இரண்டு மடலும் கீழே தொங்கின. தண்ணீருக்குள் கிடப்பவனுக்கு அப்படித் தொங்காது. குனிந்து கீழே எட்டிப் பார்ப்பவனுக்குத்தான் தொங்கும். விதியின் கேள்விக்குறியையும் பார்த்தேன். எங்கள் ஊரில் இரண்டு வயதுக் குழந்தைக்குக்கூட அது தெரியும். அது ஹாக்கி மட்டை.

இரவுச் சாப்பாட்டுக்குப் புளிப்புச் சாசேஜும் பீட்ரூட்டும் வைத்தேன். அவர் வாயில் போட்டதும் கேட்டேன்.

"ஏரியில விழுந்தது யாரு?"

மென்றார். விழுங்கினார். இன்னொரு துண்டை வெட்டினார்.

"சிக்ஸ்டன்" என்றார்.

"நீ?"

"நான் குப்புறப் படுத்துக்கிட்டு மட்டையை நீட்டினேன். பிடிச்சுக்கிட்டான். இழுத்தேன்."

"இத்தனை வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"யார்கிட்டயும் சொல்லாதேன்னு அப்பவே கேட்டுக்கிட்டான். அவனுக்குப் பதினொண்ணு, எனக்கு ஒன்பது. சின்னவன் இழுத்துப் போட்டான்னா பள்ளிக்கூடத்துல அவமானம்னான். அம்மாகிட்ட ஓடையில விழுந்தான்னு சொன்னோம்." தட்டைத் தள்ளினார். "அதோட நீ கேக்கவும் இல்லையே."

சாசேஜ் ஆறிப்போனது. நான் அவரைக் கட்டிக்கொண்டேனா திட்டினேனா என்று கேட்டால், இரண்டும்தான்.

பிப்ரவரியில் ஏரிக்கரையில் நினைவுக்கல் திறப்பதாக நகராட்சி அறிவித்தது. கலாசார உறுப்பினர் வருகிறார், பெர்னில்லா கேமராவோடு வருகிறாள். அந்த வாரம் சிக்ஸ்டன் என் கடைக்கு வந்தான். அவனுக்குத் தோள்வரை வழியும் வெள்ளிமுடி. அவன் கலையில் பாதி அந்த முடியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

"நுனி மட்டும் எடு, பார்ப்ரோ. காத்துல பறக்கணும்."

துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்டேன். இறுக்கமாகவே போட்டேன்.

"தண்ணி ரொம்பச் சில்லுனு இருந்துச்சா, சிக்ஸ்டன்?"

கண்ணாடியில் அவன் கண்கள் என்னைத் தேடின. "என்ன தண்ணி?"

"நீ விழுந்த தண்ணி."

கழுத்துத் துணியைத் தேடிக் கை போனது, அது கொக்கியில் தொங்கியது. அது இல்லாமல் அவன் கழுத்து கோழிக் கழுத்து மாதிரி இருந்தது.

"சொல்லிட்டானா?" என்றான் கடைசியில்.

"நீதான் சொன்னே. பஸ் மேல பெரிசா ஒட்டி வெச்சிருக்கியே, குல்லாயும் மட்டையுமா."

"பார்ப்ரோ, உனக்குப் புரியாது. உள்ளேருந்து மேல பார்த்தப்போ அந்த முகம் தெரிஞ்சுது. அவ்வளவு வெளிச்சம். அன்னிலேருந்து அதைத்தான் செய்யணும்னு இருந்தேன். வரவே இல்லை. கிண்ணம் வந்தது, ஆந்தை வந்தது, இது டிவியில பார்த்தியே, அந்த மாதிரி மங்கலாத்தான் நின்னுது. அவன் தினம் எதிர்ல பஸ் ஓட்டிட்டுப் போறான், கை ஆட்டறான், எப்படி வரும்? செத்துட்டான்னு வாய்விட்டுச் சொன்ன மறுநாள் வந்துடுச்சு."

"உயிரோட இருந்தா நன்றி சொல்லணும். அதுக்குக் கொன்னுட்டா சுலபம்."

"அப்படி இல்லை..."

"ஒரு தடவையாவது அவன்கிட்ட சொல்லியிருக்கியா?"

"அதான் செஞ்சுகிட்டே இருக்கேனே! ஒவ்வொரு துண்டும் அதுதானே!"

நான் ஒரு பக்கத்து முடியைக் காதுவரைக்கும் வெட்டினேன். கை தவறி இல்லை. தெரிந்துதான் வெட்டினேன். அவன் அலறிக்கொண்டு எழுந்தான். "மிச்சத்தை அவன்கிட்ட சொல்லிட்டு வா, வெட்டி விடறேன்" என்றேன். பாதித் தலை குட்டையும் பாதி நீளமுமாக, துணியைக்கூட அவிழ்க்காமல் ஓடினான்.

ஆனால் அந்த மாதிரி ஆட்களுக்கு விழுந்தாலும் பஞ்சு மெத்தை. கல் திறக்கும் நாளில் அவன் வெறும் தலையோடு அப்படியே வந்து நின்றான். பெர்னில்லா அதைப் பார்த்ததும் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "பாதியை இழந்த மனுஷன்" என்று கேமராவுக்குக் கிசுகிசுத்தாள். அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோம் கலைக் கல்லூரியில் பையன்கள் அப்படி வெட்டிக்கொண்டு திரிந்தார்கள் என்று என் மகள் சொன்னாள்.

விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு வந்தது ஹில்டிங்தான். ஏரி வெள்ளையாக உறைந்து கிடந்தது. உறுப்பினர் பேசினார். தேவாலயப் பாடகர்கள் பாடினார்கள். கல்லின் மேல் துணி போட்டு மூடிய கண்ணாடி முகம். துணியை இழுத்தார்கள், எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். ஹில்டிங்கும் கழற்றினார். தனக்குத்தானே தொப்பி கழற்றிய ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும்.

பெர்னில்லாவுக்குச் சாதாரண மனிதர் ஒருவர் தேவைப்பட்டார். மைக்கை அவர் முன்னால் நீட்டினாள்.

"நீங்க இந்த ஊர்தானே? அந்தப் பையனை உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தான் அது" என்றார் ஹில்டிங்.

சிக்ஸ்டனின் முகம் ஏரியைவிட வெளுத்தது.

"என்ன சொன்னீங்க?"

"அந்தத் தம்பி நான்தான். சாகலை. வேணும்னா லைசென்ஸைப் பாருங்க."

பைக்குள் கை விட்டார். அதற்குள் குன்னெல் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் விடுதியில் கோடைக்கால அறைகள் எல்லாம் முன்பதிவாகியிருந்தன.

"நானும்தான்!" என்று கத்தினாள். "நானும்தான் அந்தத் தம்பி!"

முதலில் கடைக்காரருக்குப் புரிந்தது. "நானும்!" என்றார். பாடகர் குழுவிலிருந்து இரண்டு பேர், எல்க் வேட்டைக்காரர்கள் நான்கு பேர், கடைசியில் பாதிரியார்கூட. லிண்ட்மோலா மொத்தமும் ஏரிக்கரையில் நின்று தான்தான் அந்தத் தம்பி என்று சத்தியம் செய்தது. உறுப்பினர் தேம்பித் தேம்பி அழுதார்.

பெர்னில்லா ஹில்டிங்கின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஆரம்பிச்சு வெச்சீங்க பாருங்க, அது எவ்வளவு அழகு! அதை இன்னொரு தடவை சொல்றீங்களா? அந்த மரத்துப் பக்கத்துல. வெளிச்சம் நல்லா இருக்கு."

ஹில்டிங் லைசென்ஸைப் பைக்குள் வைத்தார். "பஸ்ஸை சூடு பண்ணணும்" என்றார்.

கூட்டம் பட்டாணி சூப்புக்காக மண்டபத்துக்குப் போனது. நாங்கள் மூவர் மட்டும் பின்தங்கினோம். ஹில்டிங் கல்லுக்கு அருகில் போனார். அவரும் அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல்முறை. பேருந்தில் ஒட்டியிருந்ததைக்கூட அவர் திரும்பிப் பார்த்ததில்லை. மூக்குப் படும்படி குனிந்து பார்த்தார். திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். மூன்று மாதமாகச் சிரிக்காத சிரிப்பெல்லாம் சேர்ந்து வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"என்னடா சிரிப்பு?" என்றான் சிக்ஸ்டன்.

"அப்படியே செஞ்சிருக்கேடா! அந்த வாயி!"

சிக்ஸ்டன் கிட்டே வந்தான். அவன் குரல் மாறிவிட்டது. நாற்பது வயதைக் கழற்றிப் போட்டது போல. "ஹில்டிங், அன்னிக்கு நீ என்ன கத்தினே? எனக்குக் கேக்கலை. தண்ணிக்குள்ள ஒண்ணும் கேக்கலை. வாய் மட்டும்தான் தெரிஞ்சுது. எத்தனை வருஷமா அந்த வாயை நினைச்சுப் பார்த்துட்டு இருக்கேன் தெரியுமா?"

"நிஜமாவே உனக்குத் தெரியாதா?"

"தெரியாது. சொல்லு."

"ஷூவைக் கழட்டுடான்னு கத்தினேன்."

சிக்ஸ்டன் விழித்தான்.

"என்னோட புது ஸ்கேட்டிங் ஷூ. கிறிஸ்துமஸுக்குப் பெரியம்மா வாங்கிக் கொடுத்தாங்களே. நான் ஒரு தடவைகூடப் போடலை. நீ கேக்காம மாட்டிக்கிட்டு வந்துட்டே. உனக்கு அப்பவே என்னைவிடச் சின்னக் கால். நீ முழுகறே, என் ஷூவும் சேர்ந்து போகுதேன்னு எனக்கு ஆத்திரமான ஆத்திரம்."

"என்னைக் காப்பாத்தணும்னு..."

"உன்னை வெளியில எடுக்காம ஷூவை எப்படிடா எடுக்கறது?"

நானும் சிரித்துவிட்டேன். பாடகர்கள் பாடிய இடத்தில் அப்படிச் சிரித்திருக்கக் கூடாதுதான். சிக்ஸ்டன் சிரிக்கவில்லை. கல்லின் விளிம்பில் உட்கார்ந்து, தான் செய்த முகத்தையே பார்த்தான். கடவுளும் அம்மாவும் அதிலிருந்து எழுந்து போய்விட்டதை நான் கண்ணால் பார்த்தேன். அங்கே இருந்தது ஷூவுக்காகக் கத்துகிற ஒரு பொடியன்.

அதோடு அவனுக்கு வேலை ஓடவில்லை. பால் பண்ணைக்குப் போவான், மணலை நனைப்பான், குடைவான். எப்படிக் குடைந்தாலும் அந்த வாய் ஷூ கேட்டது. வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று பெரிய முகம் ஒன்று கேட்டிருந்தது. தள்ளிப் போட்டான், பிறகு முடியாது என்றுவிட்டான். மே மாதம் உலையை அணைத்தான். உலையை அணைப்பது என்றால் எங்கள் பக்கத்தில் கடையைச் சாத்துவது என்று அர்த்தம். ஸ்டாக்ஹோம் கலைப் பத்திரிகை ஒன்று அவனுடைய மௌனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியது. அவன் செய்தவற்றிலேயே இந்த மௌனம்தான் ஆழமானதாம்.

ஊர் அப்படி நினைக்கவில்லை. புதுப் படைப்பு இல்லையென்றால் செய்தி இல்லை, செய்தி இல்லையென்றால் ஆள் வருவதில்லை. ஏரிக்கரையில் ஹில்டிங் சொன்னது ஊருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். நான் முடி வெட்டுகிறவள். குன்னெல் நேராக எங்கள் வீட்டுக்கே வந்தாள்.

"ஏன் ஹில்டிங், ரெண்டு வார்த்தையை மாத்திச் சொன்னா உன் வாய் வெந்தா போயிடும்? கலைஞன்பா அவன். ஷூன்னு சொல்லிட்டு வந்திருக்கியே!"

"நிஜத்தைத்தானே சொன்னேன்."

"செத்தவன் பேசற பேச்சா இது?" என்று சொல்லிவிட்டுப் போனாள். கடையில் அவருக்கு வணக்கம் சொல்வதையும் நிறுத்தினார்கள். செத்துக் கிடந்தபோது அவர் மேல் ஊருக்கு இருந்த பிரியம், பேசத் தொடங்கியதும் போய்விட்டது.

ஊருக்காக அவர் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் பேருந்தில் போகும்போதெல்லாம் பால் பண்ணையின் புகைபோக்கியைப் பார்த்தபடி போனார். புகையில்லாத அந்தப் புகைபோக்கி அவரை என்னவோ செய்தது. ஆகஸ்ட்டில் ஒருநாள் சோம்பு இலை போட்டு நண்டுகள் வேகவைத்தேன். அதில் ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு, "வா, அவனைப் பார்த்துட்டு வரலாம்" என்றார்.

சிக்ஸ்டன் குளிர்ந்த உலைக்கு எதிரே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். முடி ஒரு மாதிரி வளர்ந்து சமமாகிக்கொண்டிருந்தது. கழுத்துத் துணி இல்லை. நண்டை உடைத்து உறிஞ்சினோம்.

"டேய்" என்றார் ஹில்டிங், ஓட்டைத் துப்பிவிட்டு. "அன்னிக்கு ஏரியில நான் சொன்னது பொய். அம்மா கல்லறையில அந்தப் பொம்மையைப் பார்த்த கோவத்துல சொன்னேன்."

"எது பொய்?"

"ஷூ. நான் கத்தினது உன் பேரை. சிக்ஸ்டன், சிக்ஸ்டன்னுதான் கத்தினேன். வேற என்ன கத்துவேன்?"

கையிலிருந்த நண்டைக் கீழே வைத்தேன். நீங்களே சொல்லிப் பாருங்கள்: சிக்ஸ்டன். வாய் திறக்கவே திறக்காது, பல் பல்லோடு ஒட்டிக்கொள்ளும். அந்த முகத்தில் இருப்பது ஒரு உருளைக்கிழங்கு போகிற அளவுக்கு அகன்ற வாய். அதை வருஷக் கணக்கில் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் குடைந்தவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

அவன் தன் பெயரைச் சத்தமில்லாமல் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். உதடு அசைந்ததை நான் பார்த்தேன். இன்னொரு முறையும் சொல்லிப் பார்த்தான். தம்பியை நிமிர்ந்து பார்த்தான். ஹில்டிங் நண்டுக்குள் ஏதோ தேடிக்கொண்டிருந்தார்.

"அப்பவே நினைச்சேன்" என்றான் சிக்ஸ்டன்.

"அப்படியா, சரி. ஆனா அந்தப் பொம்மையை அம்மா கல்லறையிலேருந்து எடுத்துடு. அது ஒண்ணுதான்."

"நாளைக்கே எடுத்துடறேன்."

எடுத்துவிட்டான். அந்த வாரமே புகைபோக்கியில் புகை வந்தது.

புதிய வரிசைக்கு "என் பெயர்" என்று பெயர் வைத்திருக்கிறான். அதே குல்லாய், அதே மட்டை. வாய் மட்டும் இப்போது மூடினாற்போல, பற்கள் தொட்டும் தொடாமலும். உலகத்தில் எதைச் செய்தாலும் கடைசியில் தன் பெயரைச் சொல்ல வைத்துவிட்டான் பாருங்கள். மன்னிப்பின் காலகட்டம் என்று விமர்சகர்கள் எழுதினார்கள். பெர்னில்லா மறுபடியும் வந்து தலையைச் சாய்த்தாள். குன்னெலின் அறைகள் நிரம்பின, கடையில் எல்லோரும் ஹில்டிங்குக்கு வணக்கம் சொல்கிறார்கள். நாட்டைப் பொறுத்தவரை அவர் இன்னும் செத்துத்தான் இருக்கிறார். பனிக்காலத்தில் நினைவுக்கல்லைச் சுற்றிப் பனி வாருவதும் அவர்தான், நகராட்சிக்காரர்களுக்கு அந்தப் பாதையில் வண்டியைத் திருப்பத் தெரியவில்லை என்று.

புது வரிசையின் முதல் துண்டை சிக்ஸ்டன் போர்வையில் சுற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். காபி வைத்தேன், ஏலக்காய் ரொட்டி வைத்தேன். இப்போதாவது நன்றி என்கிற அந்த ஒரு வார்த்தையைச் சொல்வான் என்று எதிரே உட்கார்ந்து காத்திருந்தேன். இரண்டாவது கோப்பையும் குடித்தான். மணல் எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றி விளக்கமாகப் பேசினான். கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

"சொல்லலை பார்த்தியா?" என்றேன்.

"என்ன சொல்லணும்?" என்றார் ஹில்டிங்.

கொட்டகையில் எல்க் இறைச்சி வைக்கிற பெரிய குளிர்பெட்டி இருக்கிறது. அதன் மூடியில் ரப்பர் தளர்ந்துபோய்ச் சரியாக மூடுவதில்லை. அதன்மேல் அந்த முகத்தைத் தூக்கி வைத்தார். நல்ல கனம், மூடி கப்பென்று அமர்ந்துகொண்டது. அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டியதை இப்படி வைக்கலாமா என்று ஊரில் கேட்கிறார்கள். இறைச்சி எடுக்க வேண்டுமென்றால் நானே தூக்கி வைத்துக்கொள்வேன், ஆனால் அவர் விடமாட்டார். என்னைக் கூப்பிடு என்பார். வந்து இரண்டு கையாலும் தூக்கி, வைக்கோல் மேல் மெதுவாக இறக்கி, தூசி இருந்தால் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, எனக்கு மூடியைத் திறந்து கொடுப்பார்.